வேலிமசாலின் வடக்கத்திப் பங்காளி

ஆடு வளர்ப்பவர்களுக்கு வேலிமசாலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வரப்போரம் விதைத்து, இடுப்புக்கு மேல் வளர்ந்ததும் அறுத்து, கட்டாகக் கட்டிப் பட்டியில் தொங்கவிட்டால் ஆடுகள் முண்டியடிக்கும். தொட்டாச்சிணுங்கியைப் போல நுணுக்கமான இலை, சின்ன வெள்ளைப் பூ. அதன் தாவரப் பெயர் டெஸ்மாந்தஸ் விர்காட்டஸ். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து நம் பக்கம் வந்து சேர்ந்த செடி அது.

அதே டெஸ்மாந்தஸ் வகையறாவில் இன்னொரு செடி, வட அமெரிக்காவின் நடுவே, குளிர்காலத்தில் பனி மூடிக்கிடக்கும் புல்வெளிகளில் வளர்கிறது. இலினாய்ஸ் பண்டில்பிளவர் என்று பெயர். டெஸ்மாந்தஸ் என்பது கிரேக்கச் சொல், ‘கொத்துப் பூ’ என்று பொருள். ஆங்கிலப் பெயரும் அதையேதான் சொல்கிறது. வேலிமசாலுக்கு இது பங்காளி முறை.

இந்தச் செடியை வைத்து ஒரு விஷயத்தை விளக்கலாம் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. அங்கேயும் சரி, இங்கேயும் சரி, பயறு வகைச் செடிகளைப் பற்றி ஒரே மாதிரி அரைகுறைப் பேச்சுதான் நடக்கிறது. “பயறு வகையா? காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து மண்ணுக்குக் கொடுத்துவிடும், உரமே வேண்டாம்” என்பார்கள். “மண்ணின் செடியா? தூவிவிட்டால் போதும், தானே வரும்” என்பார்கள். இரண்டிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை முழுசாக நம்பி விதை வாங்கியவர்கள்தான் மறுவருடம் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பிரெய்ரி என்பது வெறும் புல் இல்லை

கனடாவின் தென்பகுதியில் தொடங்கி டெக்சாஸ் வரை, வட அமெரிக்காவின் நடுவில் மரங்கள் அரிதான ஒரு புல்வெளி பரந்து கிடந்தது. அதைத்தான் பிரெய்ரி என்கிறார்கள். கிழக்கே மழை அதிகம் என்பதால் புல் ஆளை மறைக்கும். மேற்கே போகப் போக மழை குறையும், புல்லும் முழங்காலுக்கு இறங்கிவிடும். பைசன் என்ற காட்டெருமைக் கூட்டங்கள் மேய்ந்தன. மின்னலும், அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களும் மூட்டிய தீ அவ்வப்போது எரித்தது. மேயலும் தீயும் சேர்ந்து மரங்களைத் தலைதூக்க விடவில்லை.

அந்த மண் நம் கரிசலைப் போலக் கறுப்பு. ஈரத்தில் கொழுவில் அப்பிக்கொள்ளும். அதனாலேயே பழைய வார்ப்பிரும்புக் கலப்பைகள் அங்கே திணறின. 1837இல் இலினாய்ஸ் மாநிலத்தில் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். மண் அதில் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அப்புறம் என்ன, உழுது தள்ளிவிட்டார்கள். உயர்ந்த புல் வளரும் கிழக்குப் பிரெய்ரியில் இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. மிஞ்சியதிலும் பெரும்பகுதி கான்சஸ் மாநிலத்தின் பிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில்தான் இருக்கிறது. மேல்மண்ணுக்குக் கீழே கல், கலப்பை இறங்கவில்லை, பிழைத்துக்கொண்டது.

பேர்தான் புல்வெளி. புற்களுக்கு நடுவே சூரியகாந்தி இனச் செடிகளும் பயறு வகைச் செடிகளும் கலந்தே இருந்தன. நம் ஊர் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே நரிப்பயறும் கொழிஞ்சியும் கிடப்பது மாதிரி. பண்டில்பிளவர் அப்படிக் கலந்து வளர்ந்த பயறு வகைகளில் ஒன்று. டகோட்டா முதல் டெக்சாஸ் வரை பரவியிருக்கிறது.

செடியைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

மூன்று முதல் நான்கடி உயரம். ஒரு தண்டு, அதிலிருந்து இறகு போன்ற இலைகள். ஒவ்வொரு இறகிலும் மீண்டும் சின்னச் சின்ன இறகுகள். பொழுது சாய்ந்தால் சிற்றிலைகள் மடங்கிவிடும், நம் தூங்குமூஞ்சி மரத்தைப் போல. கோடையில் பொத்தான் அளவுக்கு வெள்ளைப் பூப்பந்துகள் வரும். தொட்டாச்சிணுங்கிப் பூவை வெளுக்கவைத்தது போல் இருக்கும்.

பூவைவிடக் காய்தான் வேடிக்கை. பிறை போல வளைந்த சிறு காய்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரு பந்தாகத் திரண்டு நிற்கும். பச்சையாக இருந்து பழுப்பாகி, குளிர்காலம் முழுக்கச் செடியின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு காயிலும் சில விதைகள், ஒவ்வொன்றும் வழவழப்பாக, கல் மாதிரி. இந்தக் ‘கல் மாதிரி’ என்பது வெறும் உவமை இல்லை, பிறகு அதற்கு வருகிறேன்.

குளிர் வந்தால் மேலே இருப்பதெல்லாம் காய்ந்துவிடும். வேர் சாகாது. வசந்தத்தில் அடியிலிருந்து மறுபடியும் தளிர் விடும். இப்படி ஆண்டுதோறும் விதைக்காமலே வருவதைப் பல்லாண்டுச் செடி என்கிறோம்.

நாய் பெற்ற தெங்கம்பழம்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தழைச்சத்து என்று நாம் சொல்வது நைட்ரஜன். இலையின் பசுமைக்கும் எல்லாப் புரதத்துக்கும் அதுதான் மூலப்பொருள். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். அப்படியிருக்க, பயிர் ஏன் தழைச்சத்துப் பற்றாக்குறையில் மஞ்சளாகிறது?

நாய்க்குத் தேங்காய் கிடைத்த கதைதான். உருட்டலாம், தின்ன முடியாது. காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கட்டை உடைத்தால்தான் செடிக்குப் பயன்படும். செடியிடம் அதை உடைக்கும் கருவி கிடையாது. யூரியா ஆலைகளுக்கு வேண்டிய அம்மோனியாவைச் செய்ய 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், நாம் சுவாசிக்கும் காற்றைப் போல 150 மடங்குக்கு மேல் அழுத்தமும் கொடுக்கிறார்கள். அவ்வளவு கெட்டியான மட்டை.

அதே வேலையை மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் சாதாரண வெப்பத்தில், சத்தமில்லாமல் செய்கின்றன. அவற்றுக்கு ரைசோபியம் என்று பெயர். தேங்காய் உரிக்கத் தெரிந்தவை இவைதான். பயறு வகைச் செடியின் வேருக்குள் நுழைந்து, அங்கே சிறு உருண்டைகளை உண்டாக்கிக் குடியிருக்கும். அந்த உருண்டைகள்தான் வேர்முடிச்சுகள். வேரோடு தோண்டிய நிலக்கடலைச் செடியில் கடுகு, மிளகு அளவில் பார்த்திருப்பீர்கள்.

உரிப்பவர் சும்மா உரிப்பாரா? கூலி உண்டு. செடி வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேருக்கு அனுப்பி பாக்டீரியாவுக்குக் கொடுக்கிறது. பாக்டீரியா உரித்த நைட்ரஜனைச் செடிக்குக் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத்தான் நைட்ரஜன் நிலைநிறுத்தம் என்று பெயர். ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்பவரும் அவருடன் வேலை செய்த வில்ஃபார்த்தும் 1886இல் இதை உலகுக்கு எடுத்துக்காட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, நெதர்லாந்தில் பெயரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். அதற்கு முன்னால், பயறுக்குப் பின் போட்ட பயிர் ஏன் நன்றாக வருகிறது என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உழவர்களுக்குத் தெரிந்தேயிருந்தும், காரணம் மட்டும் பிடிபடவில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலரும் தவறவிடுவது இது. பயறுக் குடும்பம் என்றாலே முடிச்சுப் போடும் என்று நினைக்காதீர்கள். புளிய மரமும் கொன்றையும் ஆவாரையும் பயறுக் குடும்பம்தான், காயைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அவை வேர்முடிச்சு போடுவதில்லை. பிரெய்ரியிலும் அப்படித்தான். ஆவாரைக்குச் சொந்தமான சென்னா இனச் செடிகள் அங்கே உண்டு, முடிச்சு கிடையாது. பண்டில்பிளவருக்கு உண்டு.

இதுவரை பார்த்தது: காற்றில் நைட்ரஜன் கொட்டிக்கிடந்தாலும் செடியால் நேரடியாக எடுக்க முடியாது. வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் அதை உடைத்துக் கொடுக்கிறது, கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது.

உரித்த தேங்காய் யார் வீட்டுக்குப் போகிறது?

பேச்சு தடம் புரள்வது இந்த இடத்தில்தான். ‘பயறுச் செடி மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கிறது’ என்று சொல்லும்போது, வேரிலிருந்து குழாய் திறந்துவிட்டது போல நைட்ரஜன் மண்ணுக்குள் ஓடுவதாக ஒரு படம் மனதில் விழுகிறது. அப்படி ஓடுவதில்லை.

கூலி கொடுத்தவர் தேங்காயைத் தன் வீட்டுக்குத்தான் எடுத்துப் போவார். செடி தனக்குக் கிடைத்த நைட்ரஜனை முதலில் தன் இலைக்கும், அப்புறம் விதைக்கும் அனுப்புகிறது. அதனால்தான் பயறு வகையின் இலையிலும் விதையிலும் புரதம் அதிகம். பண்டில்பிளவர் விதையில் 30 சதவீதத்துக்கும் மேல் புரதம். கான்சஸில் 1976இல் வெஸ் ஜாக்சன் தொடங்கிய லேண்ட் இன்ஸ்டிட்யூட், ஆண்டுதோறும் உழாமல் விளையக்கூடிய தானியங்களைத் தேடியபோது இந்தச் செடியையும் எடுத்து ஆராய்ந்ததற்கு அந்தப் புரதம் ஒரு காரணம்.

அப்படியானால் பக்கத்துப் புல்லுக்கு என்ன கிடைக்கும்? உயிருள்ள வேரிலிருந்து கசிவது கொஞ்சம்தான். உதிர்ந்த இலை மக்க வேண்டும். பழைய நுண்வேர்களும் முடிச்சுகளும் செத்து அழுக வேண்டும். மாடு மேய்ந்தால், சாணமும் மூத்திரமும் திரும்ப நிலத்தில் விழ வேண்டும். இவை மூன்றும் வழிகள். மாட்டின் வழியைத் தவிர மற்ற இரண்டும் மெதுவானவை.

இதிலிருந்து தெரிய வேண்டியது ஒன்று. பயறுச் செடியை அறுத்து அறுத்து வெளியே கொண்டுபோனால், நைட்ரஜனும் அதோடு வண்டி ஏறிப் போகிறது. வேலிமசாலை நாற்பது நாளுக்கொருமுறை அறுத்துப் பட்டிக்குக் கொண்டுபோகிறோம், புழுக்கையை நிலத்துக்குத் திருப்புகிறோமா? திருப்பினால் கணக்கு சரி. விற்றுவிட்டால், ‘பயறு போட்டேன், மண் வளமாகவில்லை’ என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை.

இன்னொன்று. மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து ஏராளமாக இருந்தால், செடி கூலி கொடுத்து ஆள் வைக்காது. முடிச்சுகள் குறைந்துவிடும். பிரெய்ரிச் செடிகளுக்கு யூரியா போட்டால் இரட்டை நட்டம்: பயறுச் செடி சோம்பேறியாகும், பக்கத்துக் களை கொழுக்கும். ‘நல்லா வரட்டும்னு ஒரு கை போட்டேன்’ என்று சொல்பவர்களின் கையைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

ஆள் மாறினால் வேலை நடக்காது

ரைசோபியம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் பல ரகம். ஒவ்வொரு பயறு வகையும் தனக்கு ஒத்துப்போகும் ரகத்தைத்தான் வேருக்குள் விடும். சோயாவுக்கு ஏற்றது குதிரைமசால் என்ற தீவனப் பயறுக்கு ஆகாது. டெஸ்மாந்தஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதக்காரச் செடி. பிரெய்ரி மண்ணில் அதற்கேற்ற பாக்டீரியா இயல்பாகவே இருந்தது. பல பத்தாண்டு மக்காச்சோளம் விளைந்த நிலத்தில் அது இல்லாமல் போயிருக்கலாம். அதனால் விதையோடு சேர்த்தே அந்த பாக்டீரியாவைப் பொட்டலமாக வாங்கிக் கலந்து விதைக்கிறார்கள்.

நம் உழவர்களுக்கு இது புதிதில்லை. ஆறின அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைப்பதே இது. வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துவிடும். பொட்டலத்தில் எந்தப் பயிர் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் வாங்கினால் கஞ்சிதான் மிச்சம்.

வேலை நடக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: ஒரு முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது. அந்தச் சிவப்புக்குக் காரணம் நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் பொருள் ஒன்று. நைட்ரஜனை உடைக்கும் கருவி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். அந்தச் சிவப்புப் பொருள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஒரு செடி தன் வேருக்குள் ரத்தம் மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு வியப்பு அடங்க இரண்டு நாள் ஆனது.

கல் விதை

முதல் தடவை வேலிமசால் விதைத்தபோது விதையை அப்படியே எடுத்துத் தூவினேன். நூற்றுக்குப் பத்து முளைத்திருந்தால் அதிகம். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வருடம் திட்டினேன். அடுத்த ஐப்பசி மழைக்கு அதே இடத்தில் கொஞ்சம் முளைத்தது. அதற்கடுத்த ஐப்பசிக்கும் முளைத்தது. விதை நல்ல விதைதான், நான்தான் அவசரப்பட்டிருக்கிறேன்.

டெஸ்மாந்தஸ் விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தது போல. இதைக் கடினவிதை என்பார்கள். இது குறைபாடு இல்லை, செடியின் ஏற்பாடு. எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் எல்லாமே செத்தால் வம்சம் போச்சு. அதனால் சிலது இந்த வருடம், சிலது அடுத்த வருடம் என்று தவணை முறையில் முளைக்கிறது. புல்வெளியில் தீயின் சூடு, பனியில் உறைந்து உருகும் மண், மிருகத்தின் வயிறு ஆகியவை அந்தத் தோலில் கீறல் விழவைக்கும். ஆட்டுப் புழுக்கையிலிருந்து சீமைக்கருவேலம் முளைக்கிறதே, அதே சங்கதி.

நாம் அவசரக்காரர்கள் என்பதால் அந்தக் கீறலை நாமே போட வேண்டும். இதற்கு விதைத்தோல் நீக்கம் என்று பெயர் வைத்திருந்தாலும், உண்மையில் தோலை நீக்குவதில்லை, தேய்ப்பதுதான். கொஞ்சம் விதை என்றால் இரண்டு உப்புத்தாளுக்கு நடுவே வைத்து லேசாகத் தேய்த்தால் போதும். பளபளப்பு போனால் நிறுத்திவிடலாம். வேலிமசாலுக்கு நம்மூரில் சொல்வது வெந்நீர் முறை: கொதித்த நீரை இறக்கி, 80 டிகிரி அளவுக்கு வந்ததும் விதையைப் போட்டு ஐந்து நிமிடம் வைத்து, பிறகு குளிர்ந்த நீரில் ஒரு இரவு ஊறவைப்பது. காலையில் பார்த்தால் உப்பிய விதை முளைக்கும், உப்பாமல் குண்டுமணியாகக் கிடப்பது இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம்.

பிரெய்ரிப் பகுதியில் இரண்டு விதமாக விதைக்கிறார்கள். தேய்த்த விதையை, பனிக்காலம் போய் மண் சூடேறிய பிறகு விதைப்பது ஒன்று. தேய்க்காத விதையைக் குளிர்காலத் தொடக்கத்திலேயே போட்டு, உறைவதும் உருகுவதும் தோலைக் கீறட்டும் என்று விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டையும் குழப்பக் கூடாது. தேய்த்த விதையைக் குளிருக்கு முன் போட்டால், இடையில் வரும் ஒரு வெதுவெதுப்பான வாரத்தில் முளைத்து அடுத்த பனியில் கருகிவிடும்.

ஆழம் ஒரு சென்டிமீட்டர் போதும். விதைக்குப் பிறகு மண்ணை மிதித்தோ உருளை உருட்டியோ இறுக்க வேண்டும்.

முதல் வருடம் ஒன்றும் தெரியாது

தோய்த்து, தேய்த்து, கஞ்சியில் புரட்டி எல்லாம் செய்த பிறகும், முதல் வருடம் பெரும்பாலும் ஏமாற்றமாகவே இருக்கும். செடி சாண் உயரம் நிற்கும். பக்கத்துக் களை இடுப்பு உயரம் நிற்கும். ஆனால் சாண் உயரச் செடி கீழே என்ன செய்கிறது என்பது மேலிருந்து தெரியாது. ஆணிவேரை ஆழத்துக்கு இறக்கிக்கொண்டிருக்கிறது. புதுவீட்டுக்கு அஸ்திவாரம் போடும் மாதங்களில் தெருவில் போகிறவர்களுக்கு ஒரு பள்ளம்தான் தெரியும். பணமெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்தான் போயிருக்கும்.

அமெரிக்கத் தோட்டக்காரர்கள் இந்த வகைச் செடிகளைப் பற்றி, முதல் வருடம் தூங்கும், இரண்டாம் வருடம் தவழும், மூன்றாம் வருடம் தாவும் என்று சொல்வார்கள். பண்டில்பிளவர் மற்ற பிரெய்ரிச் செடிகளை நினைத்தால் சுறுசுறுப்பான பிள்ளை, இரண்டாம் கோடையிலேயே பூத்துவிடும். இருந்தாலும் முதல் வருடம் மாட்டை உள்ளே விடக் கூடாது. களை உயர்ந்தால் முக்கால் அடி உயரம் விட்டு மேலே மட்டும் வெட்டிவிட்டால், கன்றுக்கு வெயில் கிடைக்கும்.

சுருக்கமாக, விதை முளைக்காததற்கும் செடி வளராததற்கும் பெரும்பாலும் காரணங்கள் மூன்று: தோல் திறக்கவில்லை, சரியான பாக்டீரியா இல்லை, அல்லது பொறுமை இல்லை.

மாட்டுக்கு: துவர்ப்பு செய்யும் வேலை

குதிரைமசாலைப் பசியோடு வந்த மாட்டுக்கு வயிறாரப் போட்டால் வயிறு உப்புசம் வரும் என்பது கறவை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பசுந்தீவனத்தின் புரதம் வயிற்றில் வேகமாகக் கரைந்து, சோப்பு நுரை போல நுரைத்துக்கொள்கிறது. உள்ளே உண்டாகும் வாயு நுரையில் மாட்டிக்கொள்ள, மாடு ஏப்பம் விட முடியாமல் தவிக்கிறது. கவனிக்காவிட்டால் செத்தும் போகும். இதை வைத்துத்தான் ‘பயறுத் தீவனமே ஆபத்து’ என்ற பேச்சு கிளம்பியது.

நாவல் பழம் தின்றால் நாக்கு வறண்டு இழுத்துக்கொள்கிறதே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். நாவலில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக் கெட்டியாக்கிவிடுகிறது. எச்சிலின் வழவழப்பு போய்விடுவதால்தான் அந்த வறட்சி. டெஸ்மாந்தஸ் இலையிலும் டானின் உண்டு. மாட்டின் முதல் வயிற்றில் அது அதே வேலையைத்தான் செய்கிறது: புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. கரையாத புரதம் நுரைக்காது. உப்புசம் இல்லை. பிடிபட்ட புரதத்தில் ஒரு பகுதி அடுத்த வயிறுகளில் விடுபட்டு மாட்டுக்குப் பயன்படுகிறது.

ஆனால் துவர்ப்பு அளவு மீறினால் செரிமானம் மந்தமாகும், மாட்டுக்கே தின்னப் பிடிக்காது. வாழைப்பூவை மோரில் போடாமல் சமைத்தால் நாம் எத்தனை வாய் தின்போம்? பண்டில்பிளவரில் டானின் கணிசமாகவே இருக்கிறது. ஆகவே அதைத் தனித்தீவனமாக நினைப்பதைவிடப் புல்லோடு கலந்த வெஞ்சனமாக நினைப்பதே சரி. பிரெய்ரி அப்படித்தான் பரிமாறியது.

மேய்ச்சலில் இன்னொரு சிக்கல் உண்டு. மாட்டுக்கு இந்தச் செடி பிடிக்கும், தேடிப்பிடித்து முதலில் தின்னும். நிலத்தில் மாடு அதிகமாக அதிகமாக முதலில் காணாமல் போவதும் இதுவே. இப்படி அதிக மேய்ச்சலில் அருகிப்போகும் செடிகளை ‘குறைவன’ என்ற வகையில் மேய்ச்சல் நில நிபுணர்கள் சேர்க்கிறார்கள். பண்டில்பிளவர் நிறையத் தெரிந்தால் நிலம் நல்ல கையில் இருக்கிறது என்று பொருள். ‘பாதி மேய், பாதி விடு’ என்பது அங்குள்ள பண்ணைக்காரர்களின் கணக்கு. விட்ட பாதி இலைதான் வேருக்கும், வேரில் உள்ள கூலிக்காரனுக்கும் சாப்பாடு போடுகிறது.

காடைக்கும் தேனீக்கும்

பாப்வைட் என்று ஒரு காடை அங்கே உண்டு. தன் பெயரைத் தானே கூவும். கடந்த அரை நூற்றாண்டில் மிகவும் குறைந்துவிட்ட பறவை. பனிக்காலத்தில் அதற்குத் தீனி வேண்டும். பண்டில்பிளவர் உயர நின்றபடி பந்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விதையை உதிர்ப்பது அதற்குத் தோதாகிவிடுகிறது. வான்கோழியும் பொறுக்கும், மான் இலையைக் கடிக்கும்.

குஞ்சுகளுக்கு விதை உதவாது. அவற்றுக்குப் பூச்சி வேண்டும். பூவுக்கு வரும் சிறு தேனீக்கள், இலை தின்னும் புழுக்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். செடியின் அடியில் ஓடித்திரிய இடமும், மேலே பருந்துக்கு மறைப்பும் கிடைக்கிறது. ஆகவே வனவிலங்குக்காக நட்டவர், இலையில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று மருந்து அடிக்கக் கூடாது. ஓட்டை விழுவதற்காகத்தானே நட்டது.

தோட்டத்தில்

நேர்மையாகச் சொன்னால், பூவுக்காக மட்டும் என்றால் பண்டில்பிளவர் முதல் தேர்வு இல்லை. அதே புல்வெளியின் இன்னொரு பயறு வகையான ஊதா பிரெய்ரி குளோவர் அழகில் இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதன் பூக்கதிர் அடியிலிருந்து மேல்நோக்கி வளையம் வளையமாக ஊதா நிறத்தில் மலரும். பண்டில்பிளவரின் அழகு இலையிலும் காய்ப்பந்திலும் இருக்கிறது. காய்ந்த காம்புகளை வெட்டி ஜாடியில் வைப்பவர்களும் உண்டு.

முழு வெயில் வேண்டும். வேர் பிடித்த பிறகு தண்ணீர் பற்றிய கவலை குறைவு. உரம் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். முயல் வரும் இடமானால் கன்றுக்கு வலை கட்டுவது நல்லது. விதை உதிர்ந்து தானே பரவும் குணம் உண்டு. சின்னத் தோட்டம் என்றால் காய் வெடிப்பதற்குள் பாதியை வெட்டிவிடுங்கள், மீதியைக் குருவிக்கு விடுங்கள்.

நம்மூரில் வளர்க்கலாமா?

வேண்டாம் என்பது என் பதில். ‘மண்ணின் செடி’ என்பது செடிக்குள் இருக்கும் குணம் இல்லை, இடத்தோடு உள்ள உறவு. பண்டில்பிளவர் கான்சஸில் மண்ணின் செடி, மதுரையில் அந்நியச் செடி. அமெரிக்கர்களே இதில் சூடு பட்டவர்கள். 1876இல் பிலடெல்பியா கண்காட்சிக்கு ஜப்பானிலிருந்து வந்த குட்சு என்ற பயறுக் கொடியை, மண்ணரிப்பைத் தடுக்கும் என்று 1930களில் அரசே ஊக்குவித்து நடவைத்தது. இன்று தென் மாநிலங்களில் அது மரங்களையும் வீடுகளையும் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நம்மிடம் சீமைக்கருவேலம் இருக்கிறது, அதுவும் பயறுக் குடும்பம், அதுவும் முடிச்சுப் போடும். காற்றிலிருந்து சோறு எடுக்கத் தெரிந்த செடி வேற்று மண்ணில் வந்து இறங்கினால், அதை அடக்குவது சுலபமில்லை.

பண்டில்பிளவர் செய்யும் வேலையை இங்கே செய்ய நரிப்பயறும் கொழிஞ்சியும் இருக்கின்றன. அடைமழை ஓய்ந்து மண் பொதபொதவென்று இருக்கும் ஒரு நாளில், தரிசில் ஒரு கொழிஞ்சிச் செடியைத் தேடுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் ஒரு அடி ஆழத்துக்கு மண்கட்டியோடு எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளி நிறத்தைப் பாருங்கள். பக்கத்தில் சின்ன ஆவாரங்கன்று நின்றால் அதையும் அதே மாதிரி எடுத்து அலசிப் பாருங்கள். அதன் வேர் மொழுமொழுவென்று இருக்கும்.